ஒரு உறுதிக்கு மூன்று பிரதி: வன்தட்டுகள் சோடி சேர்ந்த கதை

மண்கும்பானில் ஒரு துண்டுக் காணி கைமாறினாலும் நொத்தாரிசு அந்த உறுதியை மூன்று பிரதியாக எழுதவேணும். மூல உறுதி வாங்கினவரின் கைக்குப் போகும். இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு. மூன்றாவது நொத்தாரிசின் அலுமாரியில் இருக்கும். அதைப் புரொட்டக்கோல் எண்டு சொல்லுவினம். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தில் இதுக்கெல்லாம் விதி இருக்கு. ஒரு மாதத்தில் எழுதின உறுதிகளின் இரண்டாம் பிரதிகள் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்குப் போய்விட வேணும்.

1990, 91இல் தீவகத்துச் சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது, எத்தனையோ வீடுகளில் றங்குப்பெட்டியும் அதுக்குள்ள இருந்த உறுதியும் அங்கேயே விடுபட்டுப் போயின. பிறகு திரும்பி வந்தவர்கள் வேலி எங்கே, கிணறு எங்கே எண்டு பற்றைக்குள் தேடவேண்டி இருந்தது. அப்படி வந்தவர்களுக்குக் காணி தங்களுடையது என்று நிறுவ ஒரு வழி இருந்ததென்றால், அதே எழுத்து வேறொரு கூரைக்குக் கீழ் இன்னொரு தாளில் இருந்ததுதான் காரணம்.

இனிச் சொல்லப்போவது கணினியின் வன்தட்டுகளைப் பற்றிய வரலாறு. ஆனால் அந்த வரலாற்றில் வருகிற ஒவ்வொரு முடிச்சும் இந்த மூன்று பிரதிக்குள் ஏற்கெனவே இருக்கு. அதனால்தான் உறுதியில் தொடங்கினேன்.

வன்தட்டு சுழலுகிற ஒரு காந்தத் தகடு. அதுக்கு மேல் மயிரிழையை விடக் குறைந்த இடைவெளியில் ஒரு வாசிப்பு முனை ஓடுது. இப்படி ஒரு பொருள் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். நிற்கும் நாள்தான் யாருக்கும் தெரியாது. 1970களில் இந்தப் பயம் அதிகம் இருந்தது வங்கிக்காரருக்கு. அவர்களை நம்பித்தான் அமெரிக்காவின் டாண்டெம் நிறுவனம் 1976இல் 'நொன்ஸ்டொப்' வகைக் கணினிகளை விற்கத் தொடங்கியது. அதில் முக்கியமான பாகம் எல்லாமே சோடி. வன்தட்டும் சோடி. ஒரு தட்டில் எழுதுவது அதே நேரத்தில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது வேலையை நிறுத்தாமல் கொண்டுபோகும். இதுக்குக் கண்ணாடிப்படுத்தல் என்று பெயர் வந்தது, ஆங்கிலத்தில் மிரரிங். கண்ணாடியில் தெரியிற முகம் மாதிரி, இங்கே அசைந்தால் அங்கேயும் அசையும். செலவு? இரண்டு தட்டுக்குக் காசு கொடுத்து ஒரு தட்டின் இடத்தைத்தான் பாவிக்கலாம். வங்கிக்குக் கட்டுப்படியாகும். மற்றவைக்கு ஆகாது.

இன்னொரு பக்கத்தில் வேகம் தேடினவர்கள் இருந்தார்கள். கணினியின் மூளை வருசத்துக்கு வருசம் வேகமாகிக்கொண்டு போக, தட்டு மட்டும் பழைய மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அதுக்கான உபாயத்தை ஏட்டுச்சுவடிக் காலத்து ஆள் ஒருவருக்கு இப்படி விளங்கப்படுத்தலாம். ஒரு பெரிய நூலை நாளைக்கே பிரதி பண்ணவேணும். ஒருவர் எழுதினால் முடியாது. ஆகவே இரண்டு பேரைப் பிடித்து, ஒற்றை ஏடுகளை ஒருவரும் இரட்டை ஏடுகளை மற்றவரும் எழுதுங்கோ எண்டு விட்டால் பாதி நேரத்தில் முடியும். வாசிக்கும்போதும் இரண்டு பேரும் தங்கட கட்டிலிருந்து மாறி மாறி எடுத்துத் தரலாம். இதுதான் ஸ்ட்ரைப்பிங். தரவைச் சிறு துண்டுகளாக வெட்டி, முதல் துண்டு முதல் தட்டில், அடுத்தது அடுத்த தட்டில் என்று பட்டை பட்டையாகப் பரப்புவது. ஆனால் இரண்டு பேரில் ஒருவரின் வீடு எரிந்தால் மிஞ்சுவது பாதி நூல் இல்லை. ஒவ்வொரு பாட்டும் நடுவில் அறுந்த, ஒருவருக்கும் உதவாத ஓலைக்கட்டு.

இந்த இரண்டு உபாயத்தையும் ஒரே மேசையில் வைத்துக் கணக்குப் பார்த்தவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், றண்டி கற்ஸ் என்ற மூன்று பேர். 1987இன் கடைசியில் அறிக்கையாக எழுதி, 1988இல் சிக்காகோவில் நடந்த தரவுத்தள மாநாட்டில் வாசித்தார்கள். அப்போது பெருங்கணினிகளுக்கு ஐபிஎம் 3380 என்ற தட்டு இருந்தது. அலுமாரி அளவு, 7,500 மெகாபைட். அதே காலத்தில் மேசைக் கணினிகளுக்கு கொனர் நிறுவனம் செய்த கையடக்கத் தட்டு 100 மெகாபைட். இந்தச் சின்னதுகளில் நூறை ஒன்றாகக் கட்டினால் பெரியதை விட வேகமாகவும் மலிவாகவும் இருக்குமே எண்டதுதான் அவர்களின் கேள்வி.

மலிவு, வேகம் எல்லாம் சரிதான். உடைகிற கணக்குத்தான் இடித்தது. ஒரு சின்னத் தட்டு சராசரியாக 30,000 மணித்தியாலம் உழைக்கும் என்றால், நூறு தட்டைக் கட்டின கூட்டத்தில் முதல் தட்டு சராசரியாக 300 மணித்தியாலத்தில் விழும். இரண்டு கிழமை கூட இல்லை. ஆகவே உதிரியாக இன்னும் கொஞ்சத் தட்டுகளைச் சேர்த்து, அதில் மீட்புக்கான தகவலை எழுதி வைக்கவேணும் என்றார்கள். அதை எப்படியெல்லாம் செய்யலாம் என்று ஒன்று முதல் ஐந்து வரை படி போட்டார்கள். முதற்படி கண்ணாடிப்படுத்தல். ஐந்தாம் படியில் முழுப் பிரதி எடுக்காமல், எல்லாத் தட்டின் எண்களையும் கூட்டிப் பார்த்த மாதிரி ஒரு சரிபார்ப்பு எண்ணை மட்டும் எழுதி, அந்த எண்களையும் தட்டுகள் எல்லாவற்றிலும் பரப்பி வைப்பது. ஒரு தட்டு போனால் மிச்சத்தை வைத்துக் கழித்துக் கண்டுபிடிக்கலாம். இதுக்கு அவர்கள் வைத்த பெயர் றெய்ட். மலிவான தட்டுகளின் உபரிசேர் அணி என்று அதை விரிக்கலாம். பிறகு விற்பனைக்கு வந்த கொம்பனிகள் 'மலிவான' என்ற சொல்லை மெல்ல எடுத்துவிட்டு 'தனித்தனியான' என்று மாத்திப்போட்டார்கள். மலிவு எண்டு சொல்லி எவர் விலை கூட்டி விற்பார்?

வெறும் ஸ்ட்ரைப்பிங்குக்கு அந்தக் கட்டுரையில் படியே இல்லை. றெய்ட் பூச்சியம் என்ற பெயர் பிறகு ஒட்டினது. என்னைக் கேட்டால் றெய்ட் குடும்பத்திலேயே நேர்மையான பெயர் அதுதான். பாதுகாப்பு எவ்வளவு? பூச்சியம்.

பெர்க்லி எண்டதும் யுனிக்ஸ் பழகின ஆட்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரும். பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் கிளையும் அதே பல்கலைக்கழகத்தில் வளர்ந்ததுதான். தட்டு அணி என்றால் முதலில் அதுக்கென்று தனிப் பெட்டியும் அட்டையும் வாங்கவேணும். விலை ஊருக்குள் வராது. அதை வெறும் மென்பொருளாலேயே செய்யலாம் என்று ஆக்கினது இந்த இலவச யுனிக்ஸ் கூட்டம். பிஎஸ்டியில் முதலில் வந்தது சிசிடி என்ற எளிய இயக்கி. தட்டுகளை அடுக்கிக் கோர்க்கும், பிரிச்செழுதும், சோடியாகவும் எழுதும். 1990களின் பிற்பகுதியில் கிரெக் லேஹி என்பவர் ஃப்ரீபிஎஸ்டிக்கு வினம் எழுதினார். பெர்க்லி மூவரில் ஒருவரான கிப்சன் பிறகு கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பிறந்த றெய்ட்ஃபிரேம் 1999இல் நெட்பிஎஸ்டியின் 1.4ஆம் பதிப்போடு வந்தது. லினக்ஸ் பக்கத்தில் எம்டி இருந்தது. அதை நடத்த நீல் பிரவுன் எழுதின எம்டிஅட்மின் இண்டைக்கும் பாவனையில் இருக்கு. 2004இல் ஃப்ரீபிஎஸ்டி 5.3 வந்தபோது போலந்துக்காரரான பவெல் யாக்குப் டவிடெக்கின் ஜிமிரரும் ஜிஸ்ட்ரைப்பும் கிடைத்தன. ஒன்று சோடியாக்க, மற்றது பிரிச்செழுத.

இந்தக் கடைசி இரண்டையும் கொஞ்சம் ஆறுதலாய்ப் பார்ப்போம். ஏனெண்டால் இவற்றின் அமைப்பே ஒரு பாடம். ஜிமிரருக்கு 'லேபல்' கட்டளையோடு இரண்டு தட்டின் பெயரைக் கொடுத்தால், ஒவ்வொரு தட்டின் கடைசிக் கட்டத்திலும் "நான் இந்தச் சோடியின் அங்கத்தவர்" என்று ஒரு குறிப்பை எழுதும். மறுமுறை கணினி எழும்பும்போது, கம்பிகளை மாத்திச் சொருகியிருந்தாலும், அந்தக் குறிப்பை வாசித்துச் சோடியைத் தானே சேர்க்கும். சேர்ந்ததும் இரண்டும் ஒரு தட்டாகத் தெரியும். அதன் மேல் நீங்கள் இன்னொரு அடுக்குப் போடலாம். ஜிஸ்ட்ரைப்புக்கு வெறும் தட்டைத்தான் கொடுக்கவேணும் எண்டில்லை. ஒரு சோடியையும் கொடுக்கலாம்.

இங்கேதான் புதிதாகத் தொடங்கும் பெடியள் சறுக்குகிற இடம். நாலு தட்டு இருக்கு. வேகமும் வேணும், பாதுகாப்பும் வேணும். எதை முதலில் செய்வது? அ, ஆ இரண்டையும் ஒரு சோடியாக்கி, இ, ஈ இரண்டையும் இன்னொரு சோடியாக்கி, பிறகு இரண்டு சோடிக்கும் குறுக்கே பிரிச்செழுதலாம். அல்லது அ, ஆ இரண்டிலும் பிரிச்செழுதி, இ, ஈ இரண்டிலும் பிரிச்செழுதி, பிறகு இந்த இரண்டு கூட்டத்தையும் கண்ணாடியாக்கலாம். பாவிக்கக்கூடிய இடம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் அ என்ற தட்டு செத்துப்போச்சு எண்டு வையுங்கோ. முதல் அமைப்பில் உங்களைக் கவிழ்க்கக்கூடியது மிச்ச மூன்றில் ஆ ஒன்றுதான். இரண்டாவது அமைப்பில் அ போன கணமே அந்தக் கூட்டம் முழுக்கப் படுத்துவிடும், நல்லாய் இருக்கிற ஆவும் சேர்ந்து. இனி இ போனாலும் கவிழும், ஈ போனாலும் கவிழும். மூன்றில் ஒன்று எங்கே, மூன்றில் இரண்டு எங்கே. ஆகவே முதலில் சோடி, பிறகுதான் பிரிப்பு.

அப்ப கண்ணாடிப்படுத்தினால் எல்லாம் பத்திரமா? இதுக்குத்தான் உறுதிக்குத் திரும்பவேண்டி இருக்கு. நொத்தாரிசு வடக்கு எல்லையைத் தெற்கு என்று எழுதிவிட்டால், மூல உறுதியிலும் தெற்குத்தான், பதிவகத்திலும் தெற்குத்தான், புரொட்டக்கோலிலும் தெற்குத்தான். கண்ணாடித் தட்டும் அப்படியே. ஒரு கோப்பை நீங்கள் தவறி அழித்தால், அந்த அழிப்பு அதே கணத்தில் மற்றத் தட்டிலும் நிறைவேறும். ஜிமிரர் தட்டுச் சாகாமல் காக்காது. தட்டுச் செத்தாலும் வேலை நிற்காமல் காக்கும். உங்கட கையிலிருந்து காக்க அதால் ஏலாது. நெருப்பிலிருந்தும் ஏலாது, ஏனெண்டால் இரண்டு தட்டும் ஒரே பெட்டிக்குள், ஒரே மின்கம்பியில், ஒரே கூரைக்குக் கீழே இருக்கு.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒரே கூரை எண்டால் என்ன எண்டு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அதுக்குள் இருந்தவை ஏறக்குறைய 97,000 நூல்கள். அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிந்தது. அந்த எரிப்பின் அரசியலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கு; எழுதவும் வேணும். பிரதிகளின் கணக்கை வைத்து அதைப் பார்க்கிறவர்கள் குறைவு. எரிந்தவற்றில் எது உண்மையில் இல்லாமலே போனது, எது திரும்பி வந்தது? மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலைக் கையெழுத்துப் பிரதி அங்கே எரிந்தது என்று பரவலாகச் சொல்லுவார்கள். ஆனால் அந்த நூலை நீங்கள் இண்டைக்கும் வாசிக்கலாம். 1879இலேயே பிறிற்றோ அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டார், 1949இல் குல. சபாநாதன் தமிழில் பதிப்பித்தார். அச்சு என்பது நூற்றுக்கணக்கான தட்டில், நூற்றுக்கணக்கான வீட்டில் எழுதின கண்ணாடிப் பிரதி. வேறெங்கும் படி இல்லாத ஓலைகளுக்கும் கையெழுத்துகளுக்கும் அந்த அதிட்டம் இருக்கவில்லை.

2005இல் தொடங்கின நூலகம் என்ற எண்ணிம நூலகத் திட்டம் இந்தக் கணக்கின் மறுபக்கம். அதில் ஏறியிருக்கிற பழைய நூல்களும் சஞ்சிகைகளும் எங்கிருந்து வந்தன? யாரோ ஒருவரின் வீட்டு அலுமாரியிலும், ஏதோ ஒரு வாசிகசாலையிலும், கடல் கடந்துபோன ஒரு பெட்டியிலும் தப்பின பிரதிகளிலிருந்து. எவரும் திட்டமிட்டுப் பரப்பி வைத்த பிரதிகள் இல்லை அவை. தற்செயலாய்த் தூரத்தில் கிடந்தவை.

இரண்டு பிரதி இருந்தும் வேறொரு வில்லங்கம் வரலாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது? சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவர் முன்னால் இருந்த வேலை அதுதான். ஒரு சுவடியில் ஒரு பாடம், மற்றதில் வேறொரு பாடம். எழுதினவர் கண் சோர்ந்தாரா, பூச்சி அரித்ததா, யாரேனும் திருத்தினாரா? பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்று சொல்லுகிற இந்தச் சிக்கல் சாதாரணக் கண்ணாடித் தட்டிலும் உண்டு. தட்டு முழுசாய்ச் சாகாமல், ஒரு மூலையில் ஒரே ஒரு எழுத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால், ஜிமிரருக்கு இரண்டு பிரதியில் எது சரி என்று தெரியாது. எந்தத் தட்டிலிருந்து வாசித்ததோ அதைத் தரும். அவ்வளவுதான்.

தாமோதரம்பிள்ளைக்கு யாப்பும் இலக்கணமும் கைகொடுத்தன. சீர் தட்டினால் பிழை எண்டு காது சொல்லும். தட்டுக்குக் காது கொடுத்தது சன் நிறுவனத்தில் ஜெஃப் பொன்விக்கும் மத்தியூ ஆரென்சும் 2001இல் தொடங்கி, 2005இல் வெளியே விட்ட இசட்எஃப்எஸ். அது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணித்து, அந்தத் துண்டோடு வைக்காமல், அதைச் சுட்டுகிற மேல் துண்டில் வைக்கும். காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோமே, அந்த மாதிரி. ஒன்று மற்றதுக்குச் சாட்சி. வாசிக்கும்போது எண் பொருந்தாவிட்டால், சோடித் தட்டில் இருப்பதை எடுத்துப் பார்க்கும். அது பொருந்தினால் அதை உங்களுக்குத் தந்துவிட்டு, கெட்ட பிரதியையும் திருத்தி எழுதும். முன்பு சொன்ன அதே டவிடெக் இதை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்தார். 2008இல் வந்த 7.0ஆம் பதிப்பிலிருந்து யாரும் இலவசமாய்ப் பாவிக்கலாம். சோடியாக்குவதும் பிரிச்செழுதுவதும் இதில் ஒரே கட்டளைக்குள் அடங்கிவிடும். 'மிரர்' என்று போட்டு இரண்டு தட்டின் பெயர், மீண்டும் 'மிரர்' என்று போட்டு மற்ற இரண்டின் பெயர். சோடிகளுக்குக் குறுக்கே பரப்பி எழுதுவதை அதுவே பார்த்துக்கொள்ளும். முதலில் சோடி, பிறகு பிரிப்பு என்ற ஒழுங்கை மாற்றிச் செய்ய அது இடமே தராது. நல்ல விசயம்.

பதிவகத்துக்குப் போகிற இரண்டாம் பிரதியின் வேலையையும் இசட்எஃப்எஸ் செய்யும். ஒரு நேரத்தில் தட்டு எப்படி இருந்ததோ அதை அப்படியே உறையவைத்து, போன முறைக்கும் இந்த முறைக்கும் இடையில் மாறினதை மட்டும் வேறொரு ஊரில் இருக்கிற கணினிக்கு அனுப்பலாம். கண்ணாடிப் பிரதி உடனடி; இது தாமதம். மாதத்தின் தொடக்கத்தில் எழுதின உறுதி அடுத்த 15ஆம் திகதி வரை ஊருக்குள்ளேயே கிடக்கிற மாதிரி, அனுப்புவதற்கு முன் எரிந்தால் அந்த இடைவெளி போனது போனதுதான். ஆனால் பிழையாய் அழித்ததைக் கவனிக்க அவகாசம் தருவதும் அதே தாமதம். இதனாலேயே ஒன்று இருக்கிறபடியால் மற்றது வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது.

இதெல்லாம் வங்கிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய கதை என்று தோன்றலாம். எங்கட பக்கத்தில் செத்தவீட்டுக்கு அச்சிடுகிற கல்வெட்டு என்ற நினைவு மலரை எடுத்துப் பாருங்கோ. அதில் ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறை, யார் எந்தத் தீவில் கலியாணம் கட்டினார், யார் எந்த நாட்டுக்குப் போனார் எல்லாம் இருக்கும். வேறெந்தப் புத்தகத்திலும் அது இராது. கோயில் திருவிழாப் படங்கள், கலியாண வீடியோக்கள், பழைய உறுதிகளைப் பிடித்த படங்கள் எல்லாம் இண்டைக்கு எங்களில் பலபேருக்கு ஒரேயொரு வெளித்தட்டில் கிடக்கு. அதையும் மேசை விளிம்பில் வைத்துத்தான் சொருகுவோம். உப்புக்காத்து இரும்பை விட்டுவைக்காத மண்கும்பானில் மின்சாரமும் நினைச்ச நேரம் போய்வரும். பழைய கணினி ஒன்றும் இரண்டு தட்டும் இருந்தால் ஜிமிரரோ எம்டிஅட்மினோ இசட்எஃப்எஸ்ஸோ ஒன்றுக்கும் காசு கேட்காது. அதோட, தூரத்தில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் ஒரு மூன்றாவது பிரதி.

தட்டு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன விசயம். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு தட்டு பெரும்பாலும் ஒரே தொழிற்சாலையின் ஒரே தொகுதியில் செய்தவை. ஒரே அளவு வேலை செய்து, கிட்டத்தட்ட ஒரே வயதில் களைக்கும். ஒன்று செத்து, புதியதைப் போட்டு, நல்ல தட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதுகிற அந்த நீண்ட மணித்தியாலங்களில்தான் மற்றதுக்கும் அதிக வேலை. அந்த நேரத்தில் அதுவும் போவது அபூர்வம் இல்லை. ஆகவே ஒன்றை யாழ்ப்பாண ரவுணில் வாங்குங்கோ. மற்றதை ரெண்டு மாதம் கழித்து, வேறு கொம்பனியின்ரதாய், கொழும்பால வாறவையிட்டச் சொல்லி எடுப்பியுங்கோ.